ஊருக்குச் சொன்ன நோய்

வெளிநாட்டு வேலைக்காகத் திருச்சியில் மெடிக்கல் எடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ஷாகிருக்கு ‘அன்ஃபிட்’ என்று வந்தது. ஏஜெண்டு காரணம் எதுவும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு தாளை அனுப்பி, பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஃபர்ஹானா ஒருத்திதான். ஷாகிர் அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவைத்தான்.

ஃபர்ஹானா புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறாள். வாரமெல்லாம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறந்தாங்கி பஸ் ஏறி, அங்கே மாறி, கோட்டைப்பட்டினத்தில் வீட்டுக்கு வந்து சேருவாள். தாளில் எழுதியிருந்தது அவளுக்குப் புதியதில்லை. ஹெபடைடிஸ் பி. வருஷாவருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிற பாடம். கல்லீரலைத் தாக்கும் ஐந்து வைரஸ்களுக்கு ஏ, பி, சி, டி, இ என்று அண்ணன் தம்பி மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, ஒன்றுக்கொன்று ரத்த சம்பந்தம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம், ஒவ்வொன்றும் வருகிற வழி வேறு என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாள். ஏயும் இயும் கெட்ட தண்ணீரிலும் சோற்றிலும் வரும். மஞ்சக்காமாலையாக ஒரு மாதம் படுக்கப்போட்டுவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். பி ரத்தத்தில் வரும், ஊசியில் வரும், ஆண் பெண் சேர்க்கையில் வரும், பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு வரும். சிறுவயதில் வந்தால் லேசில் போகாது. இவ்வளவும் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதியவள், தம்பியின் பெயருக்குக் கீழே அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

ஏஜெண்டு அடுத்த தெருக்காரர். அவர் யாரிடம் சொன்னார், எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் ஷாகிருக்கு ரத்தத்தில் கிருமி என்ற பேச்சு கடைத்தெருவரைக்கும் போய்விட்டது. ரத்தத்தில் இருக்கிற கிருமி என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் இரண்டு வருஷம் சென்னையில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதும் சேர்ந்துகொண்டது. கீரமங்கலத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தக்காரர்கள், பெண் இன்னும் படிக்க ஆசைப்படுகிறாள் என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அத்தா ஹாஜா முகைதீன் ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டு, மெட்ராஸில் என்ன செய்துவிட்டு வந்தான் என்று ஒன் தம்பியைக் கேளு என்றார். மகனிடம் அவர் பேசவே இல்லை.

ஷாகிர் மாடி அறையைவிட்டு இறங்குவதை நிறுத்தினான். ஜும்ஆ தொழுகைக்குக்கூடப் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஃபர்ஹானா மேலே போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“நான் ஒருத்தியத் தொட்டதில்லக்கா. நீ நம்புறியோ இல்லையோ” என்றான்.

அவள் நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் பாடமும் இருந்தது. இந்த நோய்க்கான தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் என்று ஆவதற்கு முன்னால் பிறந்தவர்கள் அவர்கள். அவன் தொட்டிலில் கிடந்தபோதே இது வந்திருக்கலாம். வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துகொண்டால் தம்பிமேல் விழுந்த பழி துடைத்துப்போகும் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா சம்சுன் நிஹாரிடம் பேசினாள்.

“எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றாள் அம்மா. ஆனாலும் மகனுக்காக என்றதும் மறுநாளே கிளம்பிவிட்டாள். புதுக்கோட்டைக்குப் போவது அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வாய்த்தால் அதிகம். ரத்தம் கொடுத்த கையோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் மகளுடன் பரோட்டா சாப்பிட்டாள். கீழராஜ வீதியில் இரண்டு தலையணை உறை வாங்கினாள்.

முடிவு வந்தது. ஃபர்ஹானாவுக்கு இல்லை. அம்மாவுக்கு இருந்தது. ரொம்ப வருஷமாக, அனேகமாகப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. கல்லீரல் இறுக ஆரம்பித்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஷாகிருக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை போதும். அம்மாவுக்குத் தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். மருந்து இலவசமாகவே கிடைக்கும். மாத்திரை கொடுக்கிற நர்ஸ் சுகுணா, தானாக மட்டும் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அடங்கிக் கிடக்கிற கிருமி சீறிக்கொண்டு வரும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது ஃபர்ஹானாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தம்பி தப்பித்தான் என்ற சந்தோஷம். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

ஹாஸ்டலுக்குப் போன கையோடு அத்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். தம்பிமேல் தப்பில்லை, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது என்றாள்.

“சரி. ஒங்கம்மாவுக்கு எங்கருந்து வந்துச்சு?”

அப்போதுதான் அவளுக்குத் தான் எதைத் திறந்துவிட்டோம் என்பது லேசாகப் புரிந்தது. அம்மாவுக்கும் அவளைப் பெற்ற நன்னியிடமிருந்து வந்திருக்கலாம் என்றாள். இல்லையென்றால் அந்தக் காலத்தில் ஒரே ஊசியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து வரிசையாகப் பத்துப் பிள்ளைகளுக்குப் போடுவார்களே, அதில் வந்திருக்கலாம்; இத்தனை வருஷம் கழித்து யாராலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது என்றாள்.

“நான் நாலு தடவை மெடிக்கல் பாத்துருக்கேன். நாலு தடவையும் ஃபிட்டு. அவ புருஷன் எனக்கு இல்லையே” என்றார் ஹாஜா முகைதீன்.

அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். பாடம் நடத்தியே பழகின வாய் மூடவில்லை. “உங்களுக்கும் வந்துட்டுப் போயிருக்கும்த்தா. பெரியவங்களுக்கு வந்தா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குத் தானாப் போயிரும்” என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

மகளிடம் சொல்லாததை அவர் தன் தங்கை பவுசியாவிடம் சொன்னார். நான் பாலைவனத்தில் கிடந்தேன், அவள் அங்கே யார் யாரோடு இருந்தாள் என்று எனக்கு என்ன தெரியும் என்றாராம். பவுசியா மாமி அதை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இரண்டே நாளில் அது சம்சுன் நிஹாரின் காதுக்கு வந்துவிட்டது. கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. மிச்ச வருஷமெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு, வாசல்படி தாண்டாமல் அந்த வீட்டைக் காத்தவள் அவள். அதைக் கேட்டு அவள் அழவில்லை. “வெளிநாட்டுல இருக்குற மனுஷன், பயத்துல பேசுறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள்.

ஷாகிர் கீழே இறங்கினான். பழி இடம் மாறியதும் அவனைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் தணிந்திருந்தது. அறந்தாங்கியில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

மாத்திரை டப்பாவை அம்மா பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருநாள் பகலில் வீட்டுக்கு வந்த பவுசியா மாமி, முழங்கால் வலிக்குத் தைலம் தேடுகிறேன் என்று பீரோவைத் திறந்தாள். டப்பாவைப் போட்டோ பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவர் மாத்திரையின் பெயரைப் போனில் தேடினார். டெனோஃபோவிர். முதலில் வந்ததே எச்.ஐ.வி. மருந்து என்றுதான். அதை அப்படியே படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, கூடவே போனும் போட்டார்.

ஃபர்ஹானா ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து மரத்தடிக்குப் போனாள். இந்த விஷயம் அவளுக்கு முதல் நாளே தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது சொன்னாள். எச்.ஐ.வி. வேறு குடும்பம், பி வைரஸ் வேறு குடும்பம். ஆனால் இரண்டும் தம்மைப் பெருக்கிக்கொள்ள ஒரே மாதிரியான ஒரு வேலையைச் செய்கின்றன. அந்த வேலையைத் தடுக்கிற மாத்திரை இரண்டுக்கும் கேட்கும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஒரே மாத்திரை போடுவதில்லையா, அது மாதிரி என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே பொய் சொல்கிறவளின் குரல் மாதிரிக் கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. எய்ட்ஸுக்கு இந்த மாத்திரையக் குடுப்பாங்களா, மாட்டாங்களா?”

“குடுப்பாங்க. ஆனா அத்தா…”

“போதும்மா.”

அந்த மாதக் கடைசியில் அவர் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்தார். பெட்டியோடு நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் இறங்கினார். தலாக் அது இது என்று நான் போகமாட்டேன், அந்த அளவுக்கு மோசமான ஆள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டார். சம்சுன் நிஹார் தினமும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். சாப்பாட்டுத் தூக்கு ஷாகிரின் கையில் மாமி வீட்டுக்குப் போய், திறக்காமல் திரும்பி வந்தது. அவள் தனக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் தானாகவே ஒதுக்கி, கொல்லைப்பக்க அலமாரியில் வைத்துக்கொண்டாள். தட்டில் ஒட்டாது, தம்ளரில் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று ஃபர்ஹானா எவ்வளவோ சொன்னாள்.

ஃபர்ஹானா அம்மாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்து, இல்லை என்ற தாளை அத்தாவின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே அவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டும் இருந்தது. அவர் இரண்டையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இல்லையென்று நீங்களே ஒரு தாள் கொடுக்கிறீர்கள், இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையையும் நீங்களே கொடுக்கிறீர்கள், நான் எதை நம்ப என்று கேட்டார். அவர் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போன மனிதனின் முகம்தான் அது. ஃபர்ஹானாவுக்கு அவரை வெறுக்கக்கூட அந்த நேரத்தில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது வாசலில் அத்தாவின் செருப்பு கிடந்தது. அம்மா பச்சைச் சேலை கட்டி வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தான் கொடுத்த தாளும் சொன்ன விளக்கமும் மெதுவாக உள்ளே இறங்கி வேலை செய்திருக்கிறது என்று ஃபர்ஹானா நினைத்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நன்றாகிப்போனதை நோண்ட வேண்டாம் என்று எதையும் கேட்கவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பவள் அவள்தான். அம்மா சிரித்த முகத்தோடு டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோவாள். ஐந்து மாதம் அப்படி வாங்கினாள்.

பங்குனியில் கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை வந்து, அடுத்தடுத்து இரண்டு வாரம் ஃபர்ஹானா ஊருக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் கண் மஞ்சளாகியிருக்கிறது. மஞ்சக்காமாலைதானே, இதற்கு எதற்கு இங்கிலீஷ் மருந்து என்று ஹாஜா முகைதீன் அரிமளம் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போய்ப் பச்சிலை கொடுத்திருக்கிறார். கீழாநெல்லியை மோரில் அரைத்துத் தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தாராம். பிள்ளைக்கு வேலை நேரம், பயப்படுவாள் என்று அம்மாவே மகளுக்குச் சொல்லவேண்டாம் என்றிருக்கிறாள். வயிறு வீங்கி, பேச்சு குளற ஆரம்பித்தபிறகுதான் ஷாகிர் போன் போட்டான்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, மாத்திரையை நிறுத்தினீர்களா என்றுதான். ஃபர்ஹானா இல்லை என்றாள். உறுதியாகச் சொன்னாள். அன்று மத்தியானம் கொஞ்சம் தெளிவு வந்தபோது அம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

“நிறுத்திட்டேன்டி. மாத்திரையத் தொடாம இருந்தா வீட்டுக்கு வாரேன்னாங்க ஒங்கத்தா.”

“நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொன்னா நீ விடமாட்ட.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நல்லாத்தானே இருந்தேன் இத்தன மாசம்? அதை முழுங்குறப்பல்லாம், ஆமா நான் அப்டிப்பட்டவதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்டி.”

மறுநாளிலிருந்து பேச்சு இல்லை. ஆறாம் நாள் காலையில் சம்சுன் நிஹார் மவுத்தாகிவிட்டாள். நாற்பத்தெட்டு வயது. வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் பிரிக்காத டப்பாக்கள் ஐந்தும் அடுக்கி இருந்தன. ஷாகிர்தான் எடுத்துக் காட்டினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸா வீட்டுக்கு வந்ததும் தெருவே திரண்டது. வாசலில் நின்ற ஹாஜா முகைதீன் வந்தவர்களிடமெல்லாம், மஞ்சக்காமாலை, முற்றிவிட்டது, ஒன்றும் செய்யமுடியவில்லை என்று சொன்னார். சொல்லும்போது நிஜமாகவே அழுதார். கேட்டவர்களின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை ஃபர்ஹானா பார்த்தாள். மஞ்சக்காமாலைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அது யாருக்கும் வரும். அதில் கேட்க எதுவுமில்லை. நேரத்துக்கு இலை கட்டியிருக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். புளி சேர்க்காமல் இருந்திருக்கலாம் என்றார் இன்னொருத்தர். கடைத்தெருவில் பேசின பேச்செல்லாம் யாரோ வேறு ஒரு பெண்ணைப் பற்றியது மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்ட வந்த மூன்று பெண்களும் முற்றத்தில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினார்கள். பவுசியா மாமி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களில் மூத்தவள் ஃபர்ஹானாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரி. ஒங்கம்மாவுக்கு என்ன வியாதிம்மா?”

ஃபர்ஹானாவுக்கு அந்த வைரஸின் பெயர் தெரியும், குடும்பம் தெரியும், உள்ளே அது சுருட்டி வைத்திருக்கிற மரபுப்பொருள் தெரியும். அதைச் சொன்னால் இந்த மூன்று பேரும் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். அம்மா நடு வீட்டில் கிடந்தாள்.

“மஞ்சக்காமாலைதான்” என்றாள்.

அந்தப் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஃபர்ஹானா தன் பையிலிருந்து கையுறைகளை எடுத்து ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, போட்டுக்கொள்ளுங்கள், மஞ்சள் ஒட்டும் என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளே தண்ணீர் ஊற்றினாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீட்டில் சமைத்தார்கள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு சஹனுக்கு நாலு பேராக, ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். ஹாஜா முகைதீனின் சஹனில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவர் ஷாகிரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மெடிக்கல் தாள் வந்த நாளிலிருந்து அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்திலிருந்த ஏஜெண்டு நகர்ந்து இடம் விட்டு, தம்பி இங்கிட்டு வா என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ஃபர்ஹானா, அவன் மாட்டேன் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் போய் உட்கார்ந்தான். தலை குனிந்தபடி வயிறாரச் சாப்பிட்டான். தண்ணீரில் வருகிற, சோற்றில் வருகிற நோயின் பெயரைச் சொன்னதால் கிடைத்த இடம் அது. அவனிடம் இருப்பது சோற்றில் வராது. இரண்டையும் சேர்த்து யாரிடம் சொல்வது?

எல்லாரும் போனபிறகு மாடியில் அவனிடம், திங்கட்கிழமை தன்னோடு புதுக்கோட்டைக்கு வரச் சொன்னாள். ஆறு மாதப் பரிசோதனைக்கு நாள் எப்போதோ தாண்டிவிட்டது என்றாள்.

“வேணாம்க்கா” என்றான்.

“அம்மாவப் பாத்தப்புறமுமா?”

“அம்மாவுக்கு மஞ்சக்காமாலை. அத்தா சொல்லிட்டாங்க, நீயும் சொல்லிட்ட. கீரமங்கலத்துலருந்து திரும்பப் பேசுறாங்களாம். இப்பப் போயி நான் ரத்தம் குடுக்குறத யாராச்சும் பாத்து, எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பெண் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டும், பிறக்கிற பிள்ளைக்கு முதல் நாளே ஊசி போடவேண்டும். போட்டால் இது உன்னோடு நின்றுவிடும். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

“கீழ போயி இதெல்லாம் நீயே சொல்லு. கேட்டா நம்புவாங்களான்னு பாரு” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கீழே அத்தா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஆமாம், மஞ்சக்காமாலைதான், என்ன செய்வது, அல்லாஹ் நாடியது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபர்ஹானா படிக்கட்டில் பாதிவரைக்கும் இறங்கினாள். அங்கேயே நின்றாள்.